பெட்ரோல் வாசனையை அலட்சியம் செய்யலாகாது
(கிளைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளம், போனஸ், வீடு என்று பேசும் இந்த மேடையில் இன்று ஒரு பழைய மோட்டார் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "காருக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம்மில் பலர் இப்போது லயத்தை விட்டுத் தாமானில் குடியிருக்கிறோம். பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் நமக்குப் பஸ் ஏது? நால்வர் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கி, பெட்ரோல் காசைப் பகிர்ந்துகொண்டு போகிறோம். அந்தக் கார் நின்றுபோனால் நான்கு வீட்டில் அன்றைய கூலி நின்றுபோகிறது. அந்தக் கார் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

நாங்களும் அப்படி நால்வர்தான். மூவர் மரம் வெட்டுகிறோம். ஒருவர் தோட்ட ஆபீசில் கிராணி. எங்கள் காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அது எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தைச் சொல்கிறோம். எங்கள் புத்திசாலித்தனத்தைக் காட்ட அன்று. எங்கள் முட்டாள்தனம் உங்களுக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான்.

ஆவியைப் பிடிக்கும் கரி

முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். பெட்ரோல் சும்மா இருக்கும் பொருளன்று. தண்ணீர் கொதித்தால்தான் ஆவி பறக்கும் என்று நினைக்கிறோம். பெட்ரோலோ எந்நேரமும் ஆவியாகிக் கொண்டே இருக்கிறது. மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிறது என்றால், நம் நாட்டு வெயிலில் நிற்கும் காரின் டாங்கிக்குள் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் காலத்துக் கார்களில் இந்த ஆவி நேரே காற்றில் கலந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் நகரங்களின் மேல் புகைமூட்டம் கவிந்து மக்கள் கண் எரிந்து அவதிப்பட்டபோது, எஞ்சின் புகை மட்டுமன்று, டாங்கியிலிருந்து தப்பும் ஆவியும் அதற்குக் காரணம் என்று கண்டார்கள். ஆகவே 1970ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அந்த மாநிலத்திலும், 1971 முதல் அமெரிக்கா முழுவதிலும், டாங்கி ஆவியைப் பிடித்து வைக்கும் சாதனம் கட்டாயமாயிற்று. பிறகு மற்ற நாடுகளின் கார்களிலும் அது பரவிற்று.

சாதனம் எளிமையானது. டாங்கியிலிருந்து ஒரு குழாய் ஒரு டப்பாவுக்குப் போகிறது. அந்த டப்பாவுக்குள் கரி இருக்கிறது. அது அடுப்புக் கரியன்று. உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும்படி பக்குவம் செய்த கரி. அதில் ஒரே ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். பெட்ரோல் ஆவி அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. கார் ஓடும்போது எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மின் வால்வு திறந்து, கரியில் ஒட்டிய ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடுகிறது. டப்பாவின் மறுபக்கத்தில் வெளிக்காற்று வர ஒரு வழி இருக்கிறது. டாங்கி, மூடி, ரப்பர்க் குழாய்கள், கரி டப்பா, வால்வு, காற்று வழி. இவ்வளவுதான் சங்கதி.

எங்களுக்கு வந்த தொல்லை

எங்கள் காரில் முதலில் வாசனை வந்தது. பின் இருக்கையில் உட்காரும் அக்காதான் முதலில் சொன்னார். "தம்பி, தலை சுற்றுது, பெட்ரோல் நாத்தம் அடிக்குது" என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டு, "பழைய கார்தானே அக்கா, அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொன்னோம். அதுதான் எங்கள் முதல் தவறு.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே பறந்து போய்விடாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். எங்கோ தள்ளி இருக்கும் அடுப்போ, கொசுவர்த்தியைக் கொளுத்தும் தீக்குச்சியோ போதும். அதோடு, பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அந்தக் காரில்தான் ஏற்றிப் போனோம். இதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவதாக, பெட்ரோல் நிரப்பியவுடன் கார் ஸ்டார்ட் ஆக மறுத்தது. மற்ற நேரத்தில் ஒரே திருப்பில் பிடிக்கும். பெட்ரோல் ஸ்டேஷனில் மட்டும் அடம் பிடிக்கும். மூன்றாவதாக, சிக்னல் விளக்கில் நிற்கும்போது காய்ச்சல்காரனைப் போல எஞ்சின் நடுங்கிற்று.

ஒரு பட்டறைக்குப் போனோம். பிளக்குகளை மாற்றச் சொன்னார்கள். 72 வெள்ளி கொடுத்து மாற்றினோம். தொல்லை போகவில்லை. மறுபடி போனால், பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும், இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும், கூலியோடு 1,350 வெள்ளி என்றார்கள். "அண்ணே, பம்புதான் பழுது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டோம். "பழைய கார், மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்" என்று பதில் வந்தது.

தோழர்களே, மாற்றிப் பார்க்கும் செலவு யாருடையது? நம்முடையது அன்றோ? மரத்தில் பால் வரவில்லையென்றால் மரத்தையே வெட்டிச் சாய்க்கிறோமா? பட்டையைப் பார்க்கிறோம், கோட்டைப் பார்க்கிறோம், கத்தியைப் பார்க்கிறோம். காருக்கும் அதே நியாயம்தான். அன்று இரவு கிராணியார் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். தொல்லை எப்போது வருகிறது, டாங்கியில் பெட்ரோல் எவ்வளவு, எஞ்சின் சூடா குளிரா என்று இரண்டு வாரம் எழுதினோம். பெட்ரோல் நிரப்பியபோதெல்லாம் தொல்லை என்பது அந்த ஏட்டில் பளிச்சென்று தெரிந்தது. பம்பு கெட்டிருந்தால் நிரப்பியபோது மட்டும் ஏன் கெட வேண்டும்? அப்போதுதான் ஆவிக் குழாய்களின் பக்கம் எங்கள் புத்தி போயிற்று.

பரிசோதனைக்கு முன் பாதுகாப்பு

கையை வைக்குமுன் சில கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டோம். வேலை திறந்த வெளியில்தான். வீட்டுச் சமையலறைப் பக்கம் கூடாது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சிகரெட், நெருப்பு எதுவும் அண்டக்கூடாது. தூள் நிரப்பிய தீயணைப்புக் குப்பி பக்கத்தில் இருக்க வேண்டும். குழாயைக் கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்கவே கூடாது. உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆவிக் குழாய் எது, பெட்ரோல் குழாய் எது என்று அந்தக் காரின் கைப்புத்தகத்தைப் பார்த்து நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். இன்ஜெக்ஷன் காரில் பெட்ரோல் குழாய்க்குள் அழுத்தம் மிகுதி. அதைத் தவறிக் கழற்றினால் பெட்ரோல் பீறிட்டு அடிக்கும்.

முதலில் மூடி, பிறகு மற்றவை

மலிவானதிலிருந்து ஆரம்பிப்பதே முறை. டாங்கி மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தோம். அதன் ரப்பர் வளையம் காய்ந்து, நகத்தால் கீறினால் உதிரும் நிலையில் இருந்தது. மூடியைத் திருகினால் 'கடக்' என்ற சத்தம் வர வேண்டும். எங்கள் மூடி ஊமையாக இருந்தது. அந்தக் காருக்கென்று செய்த மூடியையே 38 வெள்ளிக்கு வாங்கினோம். கண்ட மூடியைப் போடலாகாது. உள்ளே அழுத்தத்தைச் சமன் செய்யும் சிறு வால்வு சில மூடிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை.

அடுத்து, டாங்கியிலிருந்து கரி டப்பாவுக்குப் போகும் ரப்பர்க் குழாய். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. வளைத்துப் பார்த்தபோது கிளிப் இறுக்கும் இடத்தில் முடிபோல் வெடிப்புகள் வாய் திறந்தன. இங்கேதான் எங்கள் இரண்டாவது முட்டாள்தனம். சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றிவிட்டோம். 'நாம் ரப்பர்க்காரர்கள், ரப்பரைப் பற்றி நமக்கா தெரியாது' என்ற கர்வம். ஒரு வாரத்தில் அது ஊதி, கொழகொழவென்று கையில் ஒட்டிற்று.

தோழர்களே, நாம் காலமெல்லாம் வெட்டி எடுக்கும் பால்மரத்து ரப்பர் டயருக்கு ராஜா, பெட்ரோலுக்கு அடிமை. பெட்ரோல் அதற்குள் புகுந்து ஊதவைத்து உருக்குலைத்துவிடும். பஞ்சர் ஒட்டும் சொலூஷன் பெட்ரோல் போன்ற திரவத்தில் ரப்பரைக் கரைத்துச் செய்வதுதானே? டியூபுகளில் இப்போது மிகுதியாக வரும் செயற்கை ரப்பரும் பெட்ரோலுக்கு ஈடுகொடுக்காது. பெட்ரோலைத் தாங்குவதற்கென்றே நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரை 1930களில் ஜெர்மனியில் உண்டாக்கினார்கள். பெட்ரோல் குழாய்களில் பரவலாகப் பயன்படுவது அந்த வகைதான். அதுவும் சூட்டிலும் வயதிலும் இறுகி வெடிக்கும். கடையில் வாங்கும்போது குழாயின் மேல் எஸ்.ஏ.இ. 30ஆர்7 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆவிக் குழாய்க்குப் பொருந்தும். அழுத்தம் மிகுந்த இன்ஜெக்ஷன் குழாய்க்கு அதைப் போடக்கூடாது. குழாயும் புதிய கிளிப்புகளும் சேர்த்து எங்களுக்கு 24 வெள்ளி ஆயிற்று. வாசனை அன்றோடு போயிற்று.

ஆனால் நடுக்கம் போகவில்லை. அடுத்தது வால்வு. எஞ்சினை அணைத்துவிட்டால் அது மூடியிருக்க வேண்டும். சுலபமான சோதனை இதுதான்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, வால்வில் கரி டப்பாப் பக்கம் இருந்து வரும் குழாயைக் கழற்றி, அந்த வாயில் விரலை வைக்க வேண்டும். பேட்டரி வேண்டிய ஒரே சோதனை இதுவாகையால், பெல்ட்டும் விசிறியும் சுற்றும் இடத்தில் கை போகாதபடி கவனம் தேவை. குளிர்ந்த எஞ்சினில் பொதுவாக உறிஞ்சல் இருக்கக்கூடாது. எங்கள் வால்வோ விரலை இறுக்கிப் பிடித்தது. எப்போதும் திறந்தே கிடந்திருக்கிறது! விரலால் அடைத்தவுடன் எஞ்சின் நடுக்கம் நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் மூன்று மாத மர்மம் விளங்கிற்று. பெட்ரோல் நிரப்பும்போது டாங்கிக்குள் இருந்த ஆவி எல்லாம் கரி டப்பாவுக்குப் போகிறது. திறந்து கிடக்கும் வால்வு வழியாக அது எஞ்சினுக்குள் அளவுக்கு மீறிப் பாய்கிறது. காற்றைவிடப் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் திணறுகிறது.

வால்வைக் கழற்றி வாயால் ஊதாமல், ஒரு துண்டு ரப்பர்க் குழாயைச் செருகிச் சிறு கைப்பம்பால் மெல்ல ஊதிப் பார்த்தோம். காற்று தாராளமாகப் போயிற்று. நல்ல வால்வானால் 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று திறக்கும், எடுத்தால் மூடும். பெட்ரோல் வாசனை இல்லாத இடத்துக்கு எடுத்துப் போய்த்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

குற்றவாளி யார்?

புது வால்வு 115 வெள்ளி. அதை வாங்கிப் பூட்டப்போன நேரத்தில், நல்ல வேளையாகக் கிராணியார் தடுத்தார். "பழையது ஏன் கெட்டது என்று தெரியாமல் புதியதைப் போடலாமா?" என்றார். பழைய வால்வை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினோம். கறுப்பு மணிகள் உதிர்ந்தன. கரி! டப்பாவுக்குள் இருந்த கரி நொறுங்கி, குழாய் வழியாக வந்து வால்வின் வாயில் சிக்கி, அதை மூடவிடாமல் செய்திருக்கிறது. அப்படியே புது வால்வைப் போட்டிருந்தால் அதற்கும் அதே கதிதான்.

கரி ஏன் கெட்டது? இங்கேதான் தலை குனிய வேண்டியிருக்கிறது. பெட்ரோல் ஸ்டேஷனில் பம்பு 'டக்' என்று தானாக நின்றபிறகும், 'இன்னும் கொஞ்சம் போகும்' என்று அழுத்தி அழுத்தி விளிம்புவரை ஊற்றுவது எங்கள் வழக்கம். கணக்கு முழு வெள்ளியாக வர வேண்டும் என்பதற்காகவும் ஊற்றினோம். டாங்கியில் ஆவிக்கென்று விட்டிருக்கும் இடத்தில் பெட்ரோல் ஏறி, ஆவி போக வேண்டிய குழாயில் திரவமாகவே புகுந்தது. ஆவியைப் பிடிக்கச் செய்த கரி பெட்ரோலில் ஊறிக் கெட்டுப்போயிற்று. ஊறிய கரி டப்பாவை வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அது ஆபத்தும் ஆகும்.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில் அதே மாதிரி டப்பா 90 வெள்ளிக்குக் கிடைத்தது. பழைய டப்பாவை வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். கனத்தால் பெட்ரோலில் ஊறியது. குலுக்கிப் பாருங்கள், சலசலத்தால் நொறுங்கியது. குழாய்களையும் சுத்தம் செய்து எல்லாவற்றையும் பூட்டினோம். மூடி, குழாய், வால்வு, டப்பா எல்லாம் சேர்த்து 267 வெள்ளி. பிளக்குக்குக் கொடுத்த 72 வெள்ளி பாடம் படித்த கட்டணம். கார் இப்போது பெட்ரோல் நிரப்பிய மறுகணமே ஸ்டார்ட் ஆகிறது.

நினைவில் வைக்க வேண்டியவை

உங்கள் காருக்கு இதே நோய்தான் என்று சொல்லவில்லை. ஆனால் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வாசனை வந்தால் எங்கோ ஒழுகுகிறது. மூடி, நிரப்பும் கழுத்துக் குழாய், ஆவிக் குழாய்கள் என்ற வரிசையில் பாருங்கள். பெட்ரோல் ஈரமாகவே சொட்டினால் காரை ஓட்டவே வேண்டாம். நிரப்பும்போது பம்பு அடிக்கடி தானே நின்றால் ஆவி போகும் வழி அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறக்கும்போது காற்று பலமாக உள்ளே இழுத்தால் வெளிக்காற்று வழி அடைபட்டிருக்கலாம். நம் தோட்டச் சாலையின் மண்ணும் பூச்சிக்கூடும் அதை அடைக்கப் போதும். இதைச் சிரித்துத் தள்ள வேண்டாம். 2011ஆம் ஆண்டில் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், இந்தக் காற்றுக் குழாயில் சிலந்தி வலை கட்டியது. காற்று உள்ளே வராவிட்டால் டாங்கியே வெடிப்பு விடக்கூடும் என்று கண்டார்கள்.

எஞ்சின் விளக்கு எரிந்தால் கருவி வைத்துக் குறி எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். பி 0455 என்றால் பெரிய ஒழுக்கு; பி 0442 என்றால் சிறிய ஒழுக்கு; பி 0443 என்றால் வால்வின் மின்சுற்றில் குறை. இவை ஒரு பாகத்தை மாற்று என்ற உத்தரவல்ல; இந்தப் பக்கம் தேடு என்ற தகவல்தான். நம் நாட்டில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் டாங்கி ஒழுக்கைச் சோதிக்கும் ஏற்பாடே கிடையாது. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதால் குறையில்லை என்று இருந்துவிடாதீர்கள். நமது மூக்குத்தான் அங்கே விளக்கு.

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கானால், புகையை மெதுவாகச் செலுத்திப் பார்க்கும் கருவி சில பட்டறைகளில் இருக்கிறது. அதற்குக் காசு கொடுப்பது வீண் செலவன்று. ஆனால் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசரை ஆவிக் குழாயில் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். இந்தச் சாதனம் ஒரு பவுண்டு அழுத்தத்துக்கும் குறைவாகச் சோதிக்க வேண்டியது. பலத்த காற்று போனால் நல்ல பாகமும் கெடும். பெட்ரோல் டாங்கிக்குள் காற்றை அடைப்பது உயிருக்கே ஆபத்து.

பட்டறைக்காரர்களெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களும் உழைத்துப் பிழைக்கிறவர்கள்தாம். ஆனால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எதைச் சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். சம்பளச் சீட்டில் ஒரு வெள்ளி குறைந்தாலும் காரணம் கேட்கிறோம். ஆயிரம் வெள்ளி பில்லுக்கு ஏன் வாய் மூடியிருக்க வேண்டும்?

இறுதியாக ஒரு கோரிக்கை. ஸ்பேனர் செட்டு ஒன்று, குறி எண் படிக்கும் கருவி ஒன்று, தீயணைப்புக் குப்பி ஒன்று, தாங்கிகள் ஒரு ஜோடி. இவற்றைத் தனித்தனியாக வாங்க நம்மால் முடியாது. கிளைச் சங்கம் முன்வந்து பொதுவில் வாங்கி வைத்தால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் வந்து உங்களோடு சேர்ந்து மூடியையும் குழாயையும் பார்க்கத் தயார். கூலி வேண்டாம், ஒரு கிளாஸ் தேநீர் போதும்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டே காரியம் செய்யுங்கள். டாங்கி மூடியின் ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். அடுத்த முறை பெட்ரோல் ஊற்றும்போது 'டக்' என்றதும் கையை எடுத்துவிடுங்கள். காரில் யாராவது "பெட்ரோல் வாசனை அடிக்கிறது" என்று சொன்னால், நாங்கள் அந்த அக்காவுக்குச் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். காரை நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.